சகலையின் மறதி

அத்தியாயம் 7

கொலைகாரன் வந்தால்கூட ஊசி ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசுவாள். 'மறந்துட்டேன்' என்று சொல்லுகிறவனுக்கு மட்டும் அவளிடம் மரியாதை கிடையாது. கொலை செய்தவன் எதையோ செய்திருக்கிறான். மறந்தவனோ எதையுமே செய்யவில்லை என்கிறான். செய்யாத ஒன்றின் மேல் எங்கே போய்க் கைரேகை தேடுவது?

அதனால் இந்த வழக்கை எடுத்த நாளிலிருந்தே அவள் நாக்கில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஊசி' என்பது துப்பறியும் தொழிலில் அவளுக்கு வந்து சேர்ந்த பெயர். குத்துவாள், ஆனால் ரத்தம் வராது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனது. அது பாராட்டா குறையா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த வழக்கில் குத்துவதற்கு ஓர் இடம்கூட அகப்படவில்லை. நாளைக் காலை தீர்ப்பாயம்.

மூடிக் கிடந்த லாண்டரிக்குள் கூரைக் கண்ணாடி வழியாக மத்தியான வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துவைத்துக் கொடுத்த இடம். பாதி துவைத்த படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியிலேயே காய்ந்து பலகை போல விறைத்திருந்தன. சுவர் மின்விசிறிக்குப் பஞ்சுத் தூசியில் தாடி முளைத்திருந்தது. முதலாளி தொழிலைக் கவிழ்த்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று மகள் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட பெண்களுக்குச் சம்பளம் வரவில்லை என்ற செய்தி அந்த நெஞ்சுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

"அவருக்கு வலிக்கிற அளவுக்கு அங்க ஏதாவது இருக்கான்னு முதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்" என்றாள் நாத்தனார்.

நாத்தனார்தான் ஊசியின் உதவியாளர். கணவன் வேறொருத்தியோடு போனபோது, அவன் தங்கை அண்ணன் பின்னால் போகாமல் அண்ணியோடு தங்கிவிட்டாள். 'எங்கண்ணன் வாழ்க்கையில செஞ்ச ஒரே உருப்படியான காரியம் போனதுதான்' என்பது புதிதாக வருகிறவர்களிடம் அவள் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை.

வரிசையாக நின்ற சலவை மெஷின்களில் கடைசி இரண்டு மட்டும் புதுசு. ஆள் உயரம், எஃகு உடம்பு, வட்டமான கண்ணாடிக் கதவு. அவற்றுக்கு நடுவில் பால்காரம்மா நின்றிருந்தாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. பால் வியாபாரத்தை விட்டுப் பல வருஷம் ஆகியும் பெயர் அவளை விடவில்லை. மாடுகளைத் தவணைக்கு விற்றுக்கொண்டிருந்தவள். முழங்கால் போனதும் மந்தையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் இந்த இரண்டு மெஷினையும் வாங்கி லாண்டரிக்குத் தவணைக்கு விட்டாள். அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த சொத்து இவை இரண்டும்தான்.

"நாளைக்கு என்ன கேப்பாங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதாம்மா" என்றாள் நாத்தனார். "கடனுக்கு ஈடா ஒரு மெஷின் மேல உரிமை வேணும்னா அடமானப் பதிவேட்டுல உடனே பேரைப் பதிஞ்சுடணும். அதுதான் துண்டு. நீங்க போட்டீங்க. சகலை உங்களுக்கு முன்னாடியே பஸ்ல ஏறிட்டாராம், துண்டு போட மட்டும் மறந்துட்டாராம். பஸ் கவிழப் போற நேரத்துல வந்து போட்டுட்டு, 'நான் ஏறின நாள்லேர்ந்தே அது கிடந்ததா வெச்சுக்குங்க'ன்னு நாளைக்குக் கேக்கப் போறார்."

"வெச்சுக்குவாங்களா?"

"நெஜமாவே மறந்திருந்தா வெச்சுக்கலாமாம். சட்டத்துக்கு இளகின மனசு. வேணும்னே விட்டிருந்தா கிடையாது."

சகலை என்பது லாண்டரி முதலாளியின் மனைவிக்கு அக்கா புருஷன். முதலாளி வாய்க்கு வாய் 'சகலை, சகலை' என்று கூப்பிட்டதில் அந்த மனுஷன் ஊருக்கே சகலை ஆகிவிட்டார். லாண்டரிக்கு அவர் கொடுத்த கடனுக்குப் பத்திரம் எழுதியபோது, 'இப்போது உள்ள மெஷின்களும் இனி வரப்போகும் மெஷின்களும்' என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அவருடைய மறதி நாளைக்கு மன்னிக்கப்பட்டால், பால்காரம்மாவின் மெஷின்கள் இரண்டும் அந்த ஒரு வரியின் வயிற்றுக்குள் போய்விடும்.

அவர் ஏன் பதியவில்லை என்பது ஊசிக்குத் தெரியும். லாண்டரி ஆட்டம் காண்பது சகலைக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவர் பெயர் பதிவேட்டில் இருந்திருந்தால் எந்தப் பைத்தியம் புது மெஷினைக் கொண்டுவந்து இங்கே இறக்கும்? பால்காரம்மா பதிவேட்டைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது, இறக்கினாள். எலிப்பொறி வைக்கிறவன் அதன் மேல் பெயர்ப்பலகை மாட்டுவதில்லை. எலி உள்ளே வந்த பிறகு மாட்டினான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் விஷயம் தெரிவதும் அதை நாலு பேர் முன்னால் காட்டுவதும் ஒன்றல்லவே.

நாத்தனார் புது மெஷின் ஒன்றின் கைப்பிடியைச் சுண்டினாள். கம்பெனியைக் கலைப்பதற்கு நியமிக்கப்பட்ட அதிகாரி எல்லா மெஷின்களிலும் மஞ்சள் அட்டை ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"பாவம், காதுல வில்லை மாட்டி நிறுத்தி வெச்சிருக்காங்க. சந்தைக்குப் போற மாடு மாதிரியே இருக்கு."

பால்காரம்மா சட்டென்று திரும்பினாள். "காதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல." ஏற்கனவே சுத்தமாக இருந்த கண்ணாடிக் கதவை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

ஊசி அதைப் பார்த்தாள். பழைய தொழிலைக் குத்திக் காட்டியதில் ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததில் ஒரு சின்ன அலட்சியம் இருந்ததும் அவளுக்கே தெரிந்தது. ஏமாந்தவர்கள் மேல் அவளுக்கு இரக்கம் உண்டு. கூடவே, 'இவ்வளவு சுலபமாகவா ஏமாறுவது?' என்று ஓரமாக ஒரு முகச்சுளிப்பும் உண்டு. அந்த முகச்சுளிப்பை அவள் யாரிடமும் காட்டியதில்லை. அது தன்னிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டதும் இல்லை.

"வா" என்றாள் நாத்தனாரிடம். "மறந்த மகாராஜனைப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

*

சகலையின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் ரப்பர் வாடை. சகலை வெளியே போயிருந்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் ஊசி வந்தாள். அவளுக்கு வேண்டியது குமாஸ்தா. பதிவு செய்ய மறந்தது தானே என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவர்.

குமாஸ்தா எழுந்து ஒரு ஜன்னலைச் சாத்தினார், இன்னொன்றைத் திறந்தார். வெயில் எந்த நேரத்துக்கு எந்த மேஜைக்கு வரும் என்று தெரிந்தவரின் கை.

"வாங்க வாங்க. போன தடவை வந்தப்போ உங்க செருப்பு வார் அறுந்திருந்ததே, இடது கால். தைச்சாச்சா?"

நாத்தனார் தன் காலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மறதி எப்பலேர்ந்து சார் உங்களுக்கு? செருப்புக்கு இன்னும் பரவல போல."

"கிண்டல் பண்றீங்க." குமாஸ்தா சிரிக்காமல் உட்கார்ந்தார். "வேலைப் பளு காரணமாக, எந்த உள்நோக்கமும் இன்றி, பதிவு செய்யத் தவறிவிட்டேன். எழுதிக் குடுத்தாச்சு."

"நானும் படிச்சேன்" என்றாள் ஊசி. "இதே வார்த்தைகள். ஒண்ணுகூட மாறல."

"உண்மை மாறாதுங்க."

"உண்மை மாறும் சார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் மாறும். மனப்பாடம்தான் மாறாது."

குமாஸ்தா பேனா மூடியைத் திருகினார். அந்த முகத்தில் பயம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மங்கலான நிம்மதி இருந்தது. முதலாளியின் அழுக்கைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, சட்டை வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று சொல்லுகிறவர்களின் நிம்மதி அது. பாசத்தால் செய்கிறாரா, சம்பளத்தால் செய்கிறாரா? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, பழக்கத்தால்.

"பதியலைன்னு எப்பத்தான் தெரிஞ்சுது?"

"இந்த வருஷம்தான். அதுவரைக்கும் பதிவேட்டை நானும் திறந்து பாக்கல, எங்க முதலாளி சகலையும் பாக்கல. நான் பாக்கலைன்னு என் சத்தியப் பத்திரத்துலயும், அவர் பாக்கலைன்னு அவர் பத்திரத்துலயும் இருக்கு."

"யாரும் பாக்கல."

"யாரும் பாக்கல. பாத்திருந்தா அன்னிக்கே பதிஞ்சிருப்போமே?" கேள்வியை அவரே கேட்டு அவரே ரசித்தார். தைரியம் வந்துவிட்டது. சாய்ந்துகொண்டார். "நீங்க அந்தப் பால்காரம்மாவுக்காக அலையறீங்க. எனக்குப் பாவமாத்தான் இருக்கு. ஆனா தொழில் தெரியாதவங்க தொழிலுக்கு வரலாமா? முதலாளி ஒரு ஜோக் சொல்வார், மெஷினுக்குக் காது எங்க இருக்குன்னு. போன வருஷம் இந்த ஆபீஸே வயிறு வலிக்கச் சிரிச்சுது."

"சொல்லுங்களேன், நாங்களும் கொஞ்சம் சிரிக்கிறோம்" என்றாள் நாத்தனார்.

குமாஸ்தா வாயைத் திறந்தார். பிறகு மூடினார். "அது முதலாளி சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜன்னலைச் சாத்தப் போனார்.

படியிறங்கும்போது ஊசி நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த நாத்தனார் முட்டிக்கொண்டாள்.

"என்ன அண்ணி, நீங்களும் எதையாவது மறந்துட்டீங்களா?"

"காது" என்றாள் ஊசி. "மத்தியானம் நீ காதுன்னு சொன்னப்போ அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"யார் சொன்னான்னு கேட்டாங்க."

"எதைன்னு கேக்காம, யார்னு கேட்டாங்க. சொல்றதுக்கு ஏதோ இருக்கு. ரோஷம்னு நெனச்சேனே, நான் ஒரு மடச்சி."

"அதைப் படியில நின்னு சொல்லணுமா? வீட்டுல சொன்னா நான் எழுதி மாட்டியிருப்பேனே."

*

பால்காரம்மா லாண்டரிக்கு எதிர்ப்புறத்துப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊசி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"மெஷின் காது. என்ன அது?"

பால்காரம்மா முதலில் சாலையைப் பார்த்தாள். ஒரு பஸ் வந்து, யாரும் ஏறாமல் போனது. அதற்கப்புறம், பல்வலிக்காரி வாயைத் திறப்பது போலச் சொன்னாள்.

"பதியறப்போ என்ன பொருள்னு கட்டம் கேக்கும். வண்டி, மெஷின், கால்நடைன்னு. தவணை மாட்டையெல்லாம் பதிஞ்சு, எத்தனை வருஷமா கால்நடையைத் தொட்ட கை. தொட்டுட்டேன். அப்புறம் காது வில்லை எண்ணுன்னு கேட்டுச்சு. மாட்டுக் காதுல மாட்டுவோமே, அந்த வில்லை. மெஷின் முதுகுல இருந்த நம்பரைப் போட்டுட்டேன்."

நாத்தனார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சிரிங்கம்மா. அதுக்குத்தான் சொல்லல. மறுவாரமே கவனிச்சுத் திருத்திட்டேன். திருத்தின பின்னாடி வெளியேர்ந்து பாக்கறவங்களுக்குப் புதுசுதான் தெரியும், பழசு தெரியாதுன்னு பதிவு ஆபீஸ்ல சொன்னாங்க. நிம்மதியாப் போச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"பெத்த பொண்ணுகிட்டகூடச் சொல்லல."

"எங்ககிட்டயும் சொல்லல."

"சொன்னா என் பதிவே செல்லாதுன்னு ஆக்கிடுவாங்களோன்னு பயம்."

"திருத்தின நாள்லேர்ந்து செல்லும். அந்த நாள்கூட சகலை பதிஞ்ச நாளுக்கு ரொம்ப முன்னாடிதான்." ஊசியின் குரல் மாறியிருந்தது. நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். இந்தக் குரல் வந்தால் இனி எவனுக்கோ தூக்கம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, அப்போ அந்த ஜோக்கை…"

"அந்த ஒரு வாரத்துக்குள்ள பதிவேட்டைத் திறந்து பாத்தவனாலதான் சொல்ல முடியும். அப்படித் திறந்தவன் இன்னொண்ணையும் பாத்திருப்பான். லாண்டரி பேர்ல இருந்த ஒரே பதிவு இந்தம்மாவோடது, அவன் பேர் அங்க இல்ல. பதியலைன்னு தெரியும். தெரிஞ்சும் இத்தனை மாசம் சும்மா இருந்திருக்கான்."

"அப்ப நாளைக்குக் கேட்டுற வேண்டியதுதானே?"

"நாளைக்குப் பக்கத்துல வக்கீல் இருப்பார், வாயைத் திறக்க விட மாட்டார். குமாஸ்தா செத்தாலும் சொல்ல மாட்டார். இன்னிக்கே சொல்ல வெக்கணும். நம்ம ரெண்டு பேர் கேட்டாப் பத்தாது. யார் சொன்னா தீர்ப்பாயம் நம்புமோ, அவங்க காதுல விழணும்."

"கலைப்பு அதிகாரி சாயங்காலம் மெஷினை அளக்க வரார்" என்றாள் பால்காரம்மா. "சகலையும் வரார்."

ஊசி அவள் பக்கம் திரும்பினாள். "உங்க தப்பு வெளிய வரும். நாலு பேர் சிரிப்பாங்க. பரவாயில்லையா?"

பால்காரம்மா எழுந்து சேலையை உதறினாள். "மெஷின் போயிட்டா மட்டும் அழவா போறாங்க?"

மற்ற இருவரும் லாண்டரிக்குப் போய்விட, பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிஷம் ஊசி சகலையைப் பற்றி நினைத்தாள். திருடிய நகையைப் பதுக்கி வைக்க மனிதனால் முடிகிறது. அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த ஒரு விஷயத்தைப் பதுக்க முடிவதில்லை. அது நெஞ்சுக்குள் புழுவாக நெளியும். யாரிடமாவது சொன்னால்தான், தான் உயரத்தில் நிற்பது தனக்கே உறுதியாகும். இந்த அரிப்பை அவள் வெளியிலிருந்து மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

*

சகலை வந்தபோது வாசலில் ஒரு காலி லாரியும் வந்து நின்றது. தீர்ப்பு நாளைக்குத்தான். ஆனால் மனுஷனுக்கு நம்பிக்கை அதிகம். வெள்ளை ஷூவில் தூசி படாமல் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். பின்னால் குமாஸ்தா, பையோடும் அளவு நாடாவோடும். கடைசியில் கலைப்பு அதிகாரி. இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர். உலகத்தில் எல்லாமே ஒரு நாள் கலைக்கப்படும் என்று தெரிந்தவரைப் போல எதிலும் ஆச்சரியம் காட்டாத முகம்.

"ஓ, துப்பறியும் அம்மாவா?" என்றார் சகலை. "துப்பு ஏதாவது அகப்பட்டுதா, இல்ல துப்பிட்டுப் போக வந்தீங்களா?"

"அகப்படல சார்" என்றாள் ஊசி. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். தோற்றவள் மாதிரி நிற்பது எப்படி என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "கைவிட்டாச்சு. சும்மா அந்தம்மாவுக்குத் துணைக்கு வந்தோம்."

சகலையின் மார்பு ஒரு சுற்று பெருத்தது. பால்காரம்மாவின் மெஷினைத் தட்டினார், வாங்கப் போகிறவர் தட்டுகிற தட்டு. குமாஸ்தா நாடாவை விரித்தார்.

நாத்தனார் கலைப்பு அதிகாரியிடம் நகர்ந்தாள். "ரொம்பக் களைப்பா இருக்கீங்களே சார். ஒரு ஜோக் சொல்லவா? இன்னிக்குத்தான் இவங்க ஆபீஸ்ல கேட்டேன்."

குமாஸ்தாவின் கையிலிருந்த நாடா 'சர்'ரென்று சுருண்டது.

"சொல்லுங்க" என்றார் அதிகாரி சுரத்தில்லாமல்.

"ஒரு அம்மா சார். சலவை மெஷினைப் போய்ப் பதிவேட்டுல ஆடுன்னு பதிஞ்சுட்டாங்களாம்."

சகலையின் தலை லேசாகத் திரும்பியது.

"கொம்பு எத்தனைன்னு கேட்டிருக்கு. இந்தம்மா ஸ்விட்ச் எத்தனை இருக்குன்னு எண்ணி, நாலு கொம்புன்னு போட்டாங்களாம்." நாத்தனார் தானே கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அதிகாரி மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அப்படி இல்லம்மா" என்றார் சகலை.

"அப்படித்தான் சார். ஆடு, நாலு கொம்பு."

"முதலாளி…" என்றார் குமாஸ்தா மெதுவாக.

"நீ இருய்யா. எவனாவது கொம்பைக் கேப்பானா?" சகலையால் தாங்க முடியவில்லை. தான் வளர்த்த ஜோக்கின் கழுத்தை ஒருத்தி கண்ணெதிரே அறுப்பதை அவர் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? "மாடு! கால்நடைன்னு போட்டு, காது வில்லை எண்ணுன்னு இருக்கிற இடத்துல மெஷின் நம்பர். அதுதான் ஜோக்கே. கீழ விவரம்னு ஒரு இடம், அங்க 'ரெண்டு உருப்படி, கறவை'! கறவை சார்! திருகினா சோப்பு நுரைதான் கறக்கும்!"

அவர் சிரித்தார். கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்த அந்தச் சிரிப்பில் வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

பால்காரம்மா ஊசியைப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தாலும் குரல் நடுங்கவில்லை. "கறவைன்னு போட்டதை நான் உங்ககிட்டகூடச் சொல்லலயே."

"இல்ல, சொல்லல" என்றாள் ஊசி. குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "அதிகாரி சார், இந்தம்மா அப்படித் தப்பாப் பதிஞ்சது நெஜம். ஒரு வாரத்துல திருத்திட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பழைய பக்கத்தை வெளியேர்ந்து யாராவது பாக்க முடியுமா?"

"முடியாது" என்றார் அதிகாரி. மிட்டாய் நின்றுவிட்டது. "நான்கூடத் திருத்தினதைத்தான் பாத்தேன்."

"அப்ப சார் எப்படிப் பாத்தார்? இந்த வருஷம் வரைக்கும் பதிவேட்டைத் திறந்ததே இல்லன்னு சத்தியம் பண்ணியிருக்காரே."

சகலையின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. கிளம்பச் சொல்லி ஆள் அனுப்பியும் கிளம்பாத விருந்தாளி மாதிரி. "நான் எங்க பாத்தேன்? இவன்… இவன் சொன்னான்." விரல் குமாஸ்தாவைக் காட்டியது.

"சரி" என்றாள் ஊசி. "அவர் பாத்தார்னே வெச்சுக்கலாம். உங்க பேர் இல்லாத பக்கத்தைப் பாத்துட்டு வந்து, கறவையைச் சொன்னவர், 'நம்ம பதிவு இல்ல சார்'ங்கிறதைச் சொல்ல மறந்துட்டாரா? நீங்க பாத்தாலும் சரி, அவர் பாத்தாலும் சரி. உங்க ஆபீஸுக்கு அன்னிக்கே தெரியும்."

"அவன்தான் பாத்தான். கேளுங்க அவனை. சொல்லுய்யா!"

குமாஸ்தா சுருண்ட நாடாவைப் பைக்குள் வைத்தார். பையை மூடினார். ஊசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்திலும் இவர் தலையாட்டுவார், அதையும் சட்டையில் துடைத்துக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்தாள். பணம் கட்டிப் பந்தயம்கூட வைத்திருப்பாள்.

"மறந்தேன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்" என்றார் குமாஸ்தா. "மறதி தப்பில்லன்னு வக்கீல் சொன்னார். பாத்தேன்னு இப்பச் சொன்னா, பாக்கலைன்னு நான் பண்ணின சத்தியம் பொய்யாயிடும். அதுக்கு உள்ள போகணும். என்னால ஆகாது. நீங்கதான் பாத்தீங்க. பாத்துட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் இல்ல, வாய்லதான் சொன்னீங்க. அன்னிக்கே நான் கேட்டேன், நம்ம பதிவைப் போட்டுடலாமான்னு. 'சும்மா இரு, இன்னும் ரெண்டு மெஷின் வரட்டும்'னீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தேடி யாரும் போகவில்லை. அதுவாகவே வந்து தரையில் விழுந்தது.

"அடப்பாவி" என்றார் சகலை. "உப்பு தின்னவனா நீ?"

"தின்னேன். அதான் நாக்கு வறளுது."

கலைப்பு அதிகாரி மிட்டாயைக் கடித்து விழுங்கினார். "எந்தப் பதிவை யார் எப்பப் பாத்தாங்கங்கிறது பதிவு ஆபீஸ்ல இருக்கும். சும்மா கேட்டா தர மாட்டாங்க, காரணம் காட்டணும். இவ்வளவு நாள் என்கிட்ட காரணம் இல்ல." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "காலையில முதல் வேலையாக் கேக்கறேன். குமாஸ்தா, நீங்க என்னோட வந்து இப்பச் சொன்னதை எழுதிக் குடுத்துடுங்க."

சகலை அதற்குள் மாறிவிட்டார். இப்படி மாறுகிறவர்களை ஊசி பலமுறை பார்த்திருக்கிறாள், ஆனாலும் அவளுக்கு அது அலுத்ததில்லை. ஒரு நிமிஷம் முன்னால் ஏளனம் செய்தவளிடம் அதே வாய் குழைந்துகொண்டு போவதில் ஒரு கூச்சமின்மை இருக்கிறது. பிறவியிலேயே முதுகெலும்பு வைக்க மறந்துபோனவர்களுக்குத்தான் அது கைவரும்.

"அம்மா, நமக்குள்ள என்ன" என்றார் பால்காரம்மாவிடம். "உங்களுக்கு வேண்டியது இந்த ரெண்டு மெஷின்தானே? எடுத்துக்குங்க. இதுக்கு மட்டும் என் உரிமையை விட்டுடறேன், இப்பவே எழுதித் தரேன். நாளைக்கு நீங்க வர வேண்டாம், கறவையைப் பத்தி யாரும் பேச வேண்டாம். மத்த பழைய மெஷின் எல்லாம் எனக்கும் என் சகலைக்கும் உள்ள குடும்ப விஷயம்."

பழைய மெஷின்கள் அவருக்குப் போனால் இஸ்திரிப் பெண்களுக்குச் சம்பள பாக்கி ஒரு காசு தேறாது. பால்காரம்மாவுக்கு அது தெரியுமா? தெரிந்தாலும் அவளுக்கு என்ன? இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் சொல்லுகிறவர்களுக்காக ஊசி வைத்திருக்கும் முகச்சுளிப்பு, ஓரத்தில் தயாராகக் காத்திருந்தது.

பால்காரம்மா மெஷின் கதவை மூடினாள். தாழ் விழும் சத்தம் கேட்டது.

"இந்த ரெண்டும் நீங்க குடுத்து வரல. இப்ப உங்க வாயால எனக்குக் கிடைச்சாச்சு" என்றாள். "நாளைக்கு நான் வர்றது எனக்காக இல்ல. உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு பாக்க. இஸ்திரிப் பொண்ணுங்களையும் கூட்டிட்டு வரேன். எல்லாரும் சேர்ந்து சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

ஊசி தன் முகச்சுளிப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

வாசலில் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார், எதை ஏத்தணும்?"

"ஒண்ணும் இல்ல. போ."

"வந்ததுக்கு வாடகை?"

சகலை பழக்க தோஷத்தில் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். குமாஸ்தா பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கலைப்பு அதிகாரிக்குப் பின்னால் படியிறங்கிக்கொண்டிருந்தார்.